ஒரே பேட்ஜில் பதினொரு வல்லுநர்கள்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி ஹேமந்த்துக்கு, அக்கா அம்பிகா எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் மகள் நந்தினியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் சென்னைத் தண்ணீருக்கு முடி கொட்டாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நடுவில் நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், போனை வைத்துவிடுவேன், பாதிக் கதை நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

சிறப்புக் குழந்தைகளின் படிப்புக்குப் புதுக் கொள்கை எழுதுகிறார்கள், பெற்றோரிடம் கருத்துக் கேட்கிறார்கள், போய் வாயைத் திறந்து பேசு என்று என்னைக் கிளப்பிவிட்டவன் நீ. ஆகவே நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பு உன்னுடையது. கொள்கை நூற்று நாற்பது பக்கம், இங்கிலீஷில். பெற்றோருக்கென்று தமிழில் ஒரு பக்கம் கொடுத்தார்கள், அதிலும் பாதி வாழ்த்துரை. மீதிப் பாதியில்தான் விஷயம் இருந்தது. நந்தினி மாதிரிப் பிள்ளைகளுக்காக வாரம் ஒரு நாள் பள்ளிக்கு வரும் சிறப்பு ஆசிரியர் சுந்தரி டீச்சர் இனிமேல் பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் வருவாராம். அதற்குச் ‘செறிவூட்டப்பட்ட வருகை’ என்று பெயர். நந்தினிக்குப் பத்து வயது. தன் பெயரில் முதல் எழுத்தை வியாழக்கிழமை டீச்சர் கைபிடித்தால் எழுதுகிறாள், திங்கட்கிழமை அதையே யாரோ போட்ட கோலம் மாதிரி பார்க்கிறாள். இது உனக்குத் தெரியும். கொள்கை எழுதினவர்களுக்குத் தெரியாதே என்றுதான் லீவு போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் அக்காவையும் கூட்டிக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினேன். அவர் மகன் தானிஷுக்குக் காது கேட்காது, மிஷின் வைத்திருக்கிறான்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்தின் பூ அலங்காரத்தை அப்படியே விட்டிருந்ததால், கொள்கைக் குழுத் தலைவர் மணமேடையில்தான் உட்கார்ந்திருந்தார். வாசலில் பேட்ஜ் கொடுத்தார்கள். முனவ்வர் அக்காவுக்குப் ‘பெற்றோர்’ என்று கிடைத்தது, அத்தோடு பெற்றோர் பேட்ஜ் தீர்ந்துவிட்டது. மேசையில் இருந்தவர் பெட்டியைத் துழாவிவிட்டு, ஏதோ ஒன்று குத்திக்கொள்ளுங்கள் என்று எனக்கு ஒன்றைக் கொடுத்தார். அதில் ‘வல்லுநர்’ என்று இருந்தது. பெயர் எழுதும் இடம் காலி. நானும் குத்திக்கொண்டேன். அந்த நிமிஷத்திலிருந்து என் மரியாதை ஏறிவிட்டது. முதல் வரிசையில் குஷன் நாற்காலி, கையில் முந்திரி பிஸ்கட், யாரோ ஒரு சால்வை வேறு போர்த்திவிட்டுப் போனார்கள். முனவ்வர் அக்கா கடைசி வரிசையில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில்.

வாழ்த்துரைகள் முடியவே பதினொன்றரை ஆகிவிட்டது. முனவ்வர் அக்கா எழுந்து டீச்சர் வருகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பெற்றோருக்கு நான்கு மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது, உட்காருங்கள் என்றார்கள். உடனே மைக் என் பக்கம் வந்தது. வல்லுநர் என்ன நினைக்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார். எழுந்து உள்ளதைச் சொன்னேன்.

“வியாழக்கிழமை கத்துக்கிட்டதை அடுத்த வியாழனுக்குள்ள மறந்துடறா சார். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்தா டீச்சரையே மறந்துடுவா. வாரத்துக்கு மூணு நாள் வந்தாதான் மனசுல நிக்கும்.”

தலைவர் பேனாவை எடுத்து எழுதினார். நான் சொன்ன உதாரணம் மிகவும் உயிரோட்டமாக இருப்பதாகப் பாராட்டினார். பெயர் என்ன, எங்கே வேலை என்று கேட்டார். அம்பிகா, ஆம்பூரில் அப்பர் ஸ்டிச்சிங் என்றேன். ஷூவுக்கு மேல்தோல் தைப்பதை எங்கள் கம்பெனியில் அப்படித்தானே சொல்வோம். அவர் பக்கத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ‘அப்பர் பிரைமரி டீச்சிங்’ என்று சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொன்னார். திருத்தலாம் என்று வாயெடுப்பதற்குள் மைக் போய்விட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் இடத்தில் முனவ்வர் அக்கா என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேட்ஜைக் கழற்றி அவர் பர்தாவில் குத்தினேன். சால்வையையும் போர்த்தினேன். அவர் நேராக முதல் வரிசைக்குப் போய் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“காது வளருது சார், மிஷின் வளரலை. ரெண்டு வருஷமா மனு குடுக்கறேன். புள்ளை வளர்ற வேகத்துக்கு ஆபீஸும் ஓடணும்.”

தலைவர் இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். காலையில் உட்காரச் சொன்னவர்தான் இப்போது கைதட்டினார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை தம்பி, பேட்ஜ் தானாகவே நடந்தது. அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து வந்த சின்னசாமி என்ற விவசாயி, மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் படி ஏறுகிற கஷ்டத்தைச் சொன்னார். வேட்டியில் எங்கே குத்துவது என்று தெரியாமல் தோள் துண்டில் குத்தியிருந்தார். அவரைக் களப்பணி வல்லுநர் என்று எழுதிக்கொண்டார்கள். குறிப்பு எடுத்த பெண்ணுக்கு மட்டும் நான்காவது ஆளிலேயே விஷயம் புரிந்துவிட்டது. ஏழாவது ஆளுக்கு அப்புறம் என்னிடம் குனிந்து, “அடுத்த வல்லுநர் யாருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

நான்கு மணிக்குள் பதினொரு பேர் பேசி முடித்திருந்தோம். அப்போதுதான் பெற்றோர் நேரம் வந்தது. பெற்றோர் இப்போது தாராளமாகப் பேசலாம் என்று தலைவர் அழைத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. அவர் முகம் வாடிவிட்டது. இத்தனை வல்லுநர்களை ஒரே கூட்டத்தில் தான் பார்த்ததே இல்லை, ஆனால் பெற்றவர்களே ஆர்வம் இல்லாமல் உட்கார்ந்திருப்பது வேதனையாக இருக்கிறது என்று பேசி முடித்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. முனவ்வர் அக்கா என் தொடையைக் கிள்ளிவிட்டார்.

பஸ்ஸில் எல்லோரும் சிரித்துக்கொண்டு வந்தோம். பள்ளிகொண்டா தாண்டியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பத்து வருஷமாக நந்தினியோடு கிடக்கிறவள் சொன்னால் ஏறாத வார்த்தை, ஓர் அட்டைத் துண்டு சொன்னால் ஏறுகிறதே என்று நினைத்தேன். ஆகவே தம்பி, இனிமேல் கருத்துக் கேட்பு, ஆலோசனை என்று எதற்கும் என்னை அனுப்பாதே. நான் போகமாட்டேன். உன் மாமா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
அம்பிகா.

பி.கு: இதைத் தபாலில் போடுவதற்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு அனுப்பினார். வரைவைத் திருத்திவிட்டார்களாம். ‘வல்லுநர்களின் ஒருமித்த பரிந்துரைப்படி’ சிறப்பு ஆசிரியர் வாரம் மூன்று நாள். டீச்சர் வாசலில் வந்து நிற்கட்டும், அப்புறம் நம்புகிறேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: பெற்றோருக்குக் கருத்துச் சொல்லத் தெரியாததால் அவர்களுக்கு ஒருநாள் பயிற்சி முகாம், கட்டாயம் வர வேண்டும். பயிற்சி கொடுப்பவர், ஆம்பூர் வல்லுநர் திருமதி அம்பிகா. நந்தினியின் அம்மாவாக ஒரு கையெழுத்து, பயிற்றுநராக ஒரு கையெழுத்து, இரண்டும் நானே போட வேண்டும். போகமாட்டேன் என்று மேலே எழுதியதைக் கண்டுகொள்ளாதே. வருகிற வெள்ளிக்கிழமை முகாம், அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நந்தினியைப் பார்த்துக்கொள்.