மாமா படம் பார்க்க வருகிறார்

"அப்பா உடன்குடியில பஸ் ஏறிட்டாவளாம். உங்க படத்துக்குத்தான் வாராவ. நானும் கூட வரணும்னு ஒத்தக்கால்ல நிக்காவ," என்றாள் அனுசியா.

வேல்ராஜ் வாய்க்குக் கொண்டுபோன இட்லியைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

நாவலாசிரியனாக இருந்தவரை அவனுக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. மாமனார் செந்தூர்பாண்டியை அப்படியே தூக்கித் தன் நாவலில் வில்லனாக வைத்திருந்தான். கருப்பட்டி வியாபாரியைச் சங்கு வியாபாரி ஆக்கியதோடு சரி. நடை, கனைப்பு, சிரித்துக்கொண்டே அவிழ்த்துவிடும் பொய் எல்லாம் மாமாவுடையதுதான். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. காரணம், ஒருவரும் படிக்கவில்லை. அனுசியாவே பத்தாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள்.

பிறகு சினிமா கூப்பிட்டது. திரைக்கதை எழுதப் போனான். டைரக்டர் நாவலிலிருந்த கடலைத் தூக்கினார், காதலைத் தூக்கினார், கதாநாயகனையே மாற்றினார். "வில்லன் மட்டும் உயிரோட இருக்கான் சார். அவன்மேல கை வைக்காதீங்க," என்றார்.

அந்த உயிர்தான் இப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

"டிக்கெட் கிடைக்காதே. ஹவுஸ்ஃபுல்."

"தியேட்டர்ல ஈ ஓட்டுதாங்கன்னு நேத்துதான மூஞ்சியத் தொங்கப் போட்டிய?"

வேல்ராஜ் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "அது... குடும்பத்தோட பாக்கிற படம் இல்ல, அனு. சில சீன் ஒரு மாதிரி..."

அனுசியா அடுப்பை அணைத்தாள். "ஒரு மாதிரின்னா? அப்படி என்னத்த எழுதிக் கிழிச்சிய? வராம இருக்கலாம்னுதான் நெனச்சேன். இப்ப கட்டாயம் வாரேன்."

மாமா சிரித்தபடி வந்து இறங்கினார். "மாப்ளே, கெளம்புவமா?"

"தியேட்டர் ஏசி உங்க உடம்புக்கு ஒத்துக்காது மாமா."

"கருப்பட்டி மண்டி வெக்கையில கெடந்து வேகுதேன். ஏசிக்குன்னே ரெண்டு ஆட்டம் பாக்கலாம்வே!"

ஆட்டோவில் போகும்போது, ரயில்வே கேட்டாவது அடைத்திருக்கக்கூடாதா என்று திருச்செந்தூர் முருகனை வேண்டினான். கேட் திறந்தே கிடந்தது.

தியேட்டர் வாசலில் ஆட்டோ நிற்கும் முன்பே குதித்தோடி, டிக்கெட் கிழிக்கும் வன்னியபெருமாளின் கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, மெஷின் ரிப்பேர்னு சொல்லி எங்களத் திருப்பி அனுப்பிருங்க. கோடிப் புண்ணியம்."

"உங்க படம்தான தம்பி? எதுக்கு?"

"அந்த வில்லன் எங்க மாமாதான் அண்ணாச்சி. அவியள வச்சுத்தான் எழுதினேன். பாத்தா கண்டுபிடிச்சிருவாவ. என் குடும்பமே போச்சு."

வன்னியபெருமாள் ஆட்டோவிலிருந்து மகளைக் கைபிடித்து இறக்கிக்கொண்டிருந்தவரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அவியளா? அவிய மொத நாளே பாத்தாச்சுல்லா! 'வில்லன் அச்சு அசல் எம் மருமவனேதான், மவளக் கூட்டியாந்து காட்டணும்'னு சொல்லிட்டுல்லா போனாவ!"