சம்பந்தியின் சைக்கிளில் கேட்ட சத்தம்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

நாங்கள் நலம். உங்கள் சைக்கிளும் இப்போது நலம். உங்கள் நலத்தைத்தான் அறிய வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னிடம் பழுது பார்க்க விட்டிருந்த வண்டியை எடுத்துப்போக வந்து, தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மிதிக்கிறப்போ அதே கடக் கடக்தான் சம்பந்தி, போதாததுக்கு வண்டி நகரவும் மாட்டேங்குது" என்று சொல்லி, எங்கள் மாடியேறி வந்து ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் பஸ் ஏறினீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப் போய்விட்டது என்று நீங்கள் சொன்ன சொல்லைத் தட்டாமல் அச்சு, குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கோன், உள்ளே உருளும் குண்டுகள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டவன் நான். பழைய சத்தமும் போகவில்லை, புது வியாதியும் வந்து சேர்ந்தது.

இதற்கு நடுவில் மகள் போன் செய்தாள். அவள் சொன்னதை உங்களுக்கு எழுதக் கூடாதுதான், ஆனால் எழுதாவிட்டால் என் அவசரம் உங்களுக்குப் புரியாது. "அப்பா, மாமா முன்னெல்லாம் காலையில சைக்கிள எடுத்தா மதியம்தான் வருவாரு. இப்ப அடுப்புக்குப் பக்கத்துலயே நாற்காலியைப் போட்டுக்கிட்டு வெங்காயம் எப்படி நறுக்கணும்னு சொல்லித் தர்றாரு. எப்படியாவது வண்டியச் சரி பண்ணிடுங்கப்பா" என்றாள். உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாள். பெண்ணைக் கொடுத்தவன் சும்மா இருக்க முடியுமா? ஸ்பேனரை எடுத்தேன்.

சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துச் சுற்றினால் ஓரளவு சுற்றுகிறது, வண்டியில் மாட்டி நட்டை முறுக்கினால் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. கிரீஸை மாற்றினேன், குண்டுகளைத் துடைத்தேன், செயினைத் திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. என் மனைவிதான் வாசலிலிருந்து, "நீங்க எதைத் தொட்டாலும் கழுத்த நெரிக்கிற மாதிரிதான் இறுக்குவீங்க. ஊறுகாய் பாட்டிலத் திறக்க நான் பக்கத்து வீட்டுக்குப் போறேன்" என்றாள். அப்போதுதான் பொறி தட்டியது. ஆயுசெல்லாம் தண்ணீர் வாரியத்தில் குழாய் இறுக்கியவன் இல்லையா நான்? ஒரு சொட்டு ஒழுகினாலும் எங்களுக்கு மானப் பிரச்சினை. அந்தப் பழக்கதோஷத்தில் கோனையும் மூச்சைப் பிடித்து இறுக்கியிருக்கிறேன். வெளியே நட்டை முறுக்க முறுக்க அது கோனையும் உள்ளே நெருக்குகிறது. ஆகவே முதலிலேயே துளி ஆட்டம் விட்டு வைக்க வேண்டும், கடைசி முறுக்கில் அந்த ஆட்டம் தானாகவே மறைந்துவிடும்.

விட்டேன். மாட்டினேன். முறுக்கினேன். சம்பந்தி, பொய் சொல்லவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு விரலால் தொட்டேன், சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டது என்று நினைத்தால், காற்றடிக்கும் வால்வின் கனத்துக்கே இறங்கி, ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடித்தான் நின்றது. மிளகு அளவில் கொஞ்சம் குண்டுகள், அதற்கு மேல் நீங்கள், உங்கள் பை, உங்கள் கோபம், எல்லாம் உட்கார்ந்து ஊர் சுற்றுகிறதே, இது எப்பேர்ப்பட்ட விஷயம்! இத்தனை வருஷம் இதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டுக் கும்பிடாமல் இறங்கியிருக்கிறோம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் சுற்றிவிட்டுப் பார்த்தாள், இன்னொரு தரம் சுற்றினாள், அடுப்பில் பால் பொங்கியது கூடத் தெரியவில்லை.

நானே ஏறித் தெருமுனை வரை போய் வந்தேன். கடக் இல்லை, முடக் இல்லை. சத்தத்தை வேரோடு பிடுங்கிவிட்டேன் என்று தைரியமாக எழுதுகிறேன். வருகிற ஞாயிறு வந்து எடுத்துக்கொள்ளவும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள், சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மனைவி ஒன்று கேட்டாள். "அன்னைக்கு அவரு நம்ம மாடிப்படி ஏறினப்பவும் இதே கடக் கடக்தானே கேட்டுச்சு? சைக்கிளயா தூக்கிட்டு ஏறினாரு?" யோசித்துப் பார்த்தேன், ஆமாம். எனவே ஹப்பைப் பற்றி மேலே எழுதியதை மறந்துவிட்டு, உங்கள் முழங்காலை ஒரு டாக்டரிடம் காட்டவும். உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பழைய அச்சையும் குண்டுகளையும் துடைத்துப் பார்த்தேன், புதுசு மாதிரி மின்னுகின்றன. கொஞ்சம் தூரத்தில் இருக்கிற டாக்டராகப் பார்த்துச் சைக்கிளிலேயே போய் வரும்படி மகள் சொல்லச் சொன்னாள். அவள் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.