உட்காரத் தெரியாத பகிடி ஐயா

நாற்காலியைக் கண்டுபிடித்தவன் மீது தனிப்பட்ட பகை வைத்திருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் ஆக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பேயில், கடலைப் பார்த்து இறங்கும் ஒரு தெருவில், ஒற்றைப் படுக்கையறை யூனிட்டில் குடியிருந்தார். வயது எழுபத்தெட்டு. ஊர் அயர்லாந்து. தொழில், சிரிப்பு நடிகர். உண்மைப் பெயர் எனக்குத் தெரியும், போட மாட்டேன். உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "பேர் வேண்டாம், உயரத்தை மட்டும் ரெண்டு அங்குலம் கூட்டிப் போட்டுடு" என்றார். ஆகவே அவர் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்.

எங்களுக்கு அவர் பகிடி ஐயா. பெயர் வைத்தவர் செல்வராணி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. யாழ்ப்பாணத்தில் பகிடி என்றால் வேடிக்கைப் பேச்சு. நான் கரூர்க்காரன், பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களை எழுப்பி நடக்க வைப்பது என் பிழைப்பு. "இன்னும் ரெண்டு அடி, இன்னும் ரெண்டே அடி" என்று கெஞ்சிக் கெஞ்சியே தொண்டை தேய்ந்துவிட்டது. என் பன்னிரண்டு வருட சர்வீசில், "தயவுசெய்து உட்காருங்க" என்று நான் கெஞ்சிய ஒரே நோயாளி இவர்தான்.

மேடையில் விழுவது அவருடைய சிறப்பு. மாடிப்படியில், ஏணியில், தண்ணீர்த் தொட்டியில், ஒருமுறை இசைக்குழுவின் பெரிய முரசுக்குள். வாழ்நாள் முழுக்க விழுந்தும் ஒரு சிராய்ப்பு கிடையாது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நின்றபடியே காலுறை மாட்டும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.

"என் வாழ்க்கையிலேயே நல்லா விழுந்தது அதுதான். பார்க்க ஒரு ஆள் இல்ல. என்ன வீண்" என்று மெய்யாகவே வருத்தப்பட்டார். (அவர் பேசியது அயர்லாந்து ஆங்கிலம். எனக்குப் புரிந்த தமிழில் தருகிறேன்.)

முதல் நாள் நான் மணியை அழுத்தும் முன்பே கதவு திறந்தது. பைஜாமாவும் மஃப்ளருமாக, வாக்கரைப் பிடித்தபடி நின்றார்.

"நடக்க வைக்கிறவரா? லேட். நான் காலையிலேயே மூணு ரவுண்டு போயிட்டேன்."

சமையலறையிலிருந்து செல்வராணி அக்காவின் குரல் வந்தது. "இருங்கோ தம்பி, வாறன்."

எங்கள் பக்கத்தில் 'இருங்க' என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். நான் பொறுத்தேன், நின்றபடியே. தேநீரோடு வந்த அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருங்கோ எண்டு சொன்னனான் எல்லோ? ஏன் ரெண்டு பேரும் லைட் போஸ்ட் மாதிரி நிக்கிறியள்?"

அவர்களுக்கு 'இருங்கோ' என்றால் உட்காருங்கள். இந்த வித்தியாசத்தைப் பகிடி ஐயாவுக்கு விளக்கினேன். மிகுந்த அக்கறையோடு கேட்டுவிட்டு, "அப்ப நான் உங்க ஊர் அர்த்தத்தையே வச்சுக்கறேன்" என்று நான்காவது ரவுண்டு கிளம்பினார்.

தன் கதையையும் அவர் நடந்துகொண்டேதான் சொல்வார். ஹாலில் பிறப்பார், நடைவழியில் பள்ளிக்கூடம் போவார், சமையலறை தாண்டுவதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும். அப்பா ஒரு சிற்றூரில் கடை வைத்திருந்தார். முன்பக்கம் பிஸ்கட்டும் மண்ணெண்ணெயும், பின்பக்கம் சவப்பெட்டி. வீட்டில் ஒன்பது பிள்ளைகள், இவர் எட்டாவது. "சும்மா இருந்தா யார் கண்ணுலயும் பட மாட்டேன், டம்பி. ஆடினாத்தான் உருளைக்கிழங்கு வரும்." செல்வராணி அக்கா என்னைத் தம்பி என்பதைக் கேட்டு அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தார். அக்காவையும் 'அக்கா' என்பார். அக்காவைவிட அவருக்கு முப்பது வயதுக்கு மேல் கூட.

பதினேழு வயதில் ஒரு வங்கி வேலைக்கான நேர்முகத்துக்குப் போகும் வழியில் பஸ்ஸைத் தவறவிட்டார். அடுத்த பஸ் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல், பக்கத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த நாடகக் கம்பெனி லாரியில் ஏறிவிட்டார். முதல் வேடம் பிணம். கொலை நடந்த வீட்டில் தரையில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது நிமிடம் மூக்கு அரித்தது. பிணத்தின் கை மெதுவாக எழுந்து, மூக்கைச் சொறிந்துவிட்டு, நாகரிகமாக மார்பின் மேல் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. கொட்டகை அதிர்ந்தது. திரை விழுந்ததும் முதலாளி காதைப் பிடித்துத் திருகினார். திருகிக்கொண்டே, "நாளைக்கு ரெண்டு தடவை சொறி" என்றார்.

அங்கிருந்து லண்டன், பிறகு டெலிவிஷன். ஒரு தொடரில், வாத்து துரத்தும் தபால்காரர் வேடம். ஒன்பது வருடம் துரத்தியது. இங்கிலாந்தில் எந்தத் தெருவில் இறங்கினாலும் யாராவது வாத்து போலக் கத்துவார்கள். தன் தாயாரின் அடக்கத்தன்று, சர்ச்சில், பின் வரிசையிலிருந்து ஒருவர் மெல்லமாகக் கத்தினாராம். "என்ன பண்றது, சிரிச்சேன். பழக்கம்" என்றார். அதைச் சொன்ன அன்று மட்டும் நடை கொஞ்சம் வேகமாக இருந்தது.

அடக்கம் முடிந்த அடுத்த மாதமே தொடரை விட்டார். ஆறு வாரம் நாடகம் போட ஆக்லாந்து வந்தவர், திரும்பிப் போகும் நாளில் எரிமலை எப்படி இருக்கும் பார்ப்போம் என்று ஒரு குன்றில் ஏறி, விமானத்தைத் தவறவிட்டு, முப்பது வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்துவிட்டார். அதில் பதினொரு வீடு, இரண்டு மனைவி. இரண்டாமவர் விவாகரத்துக்குச் சொன்ன காரணம், "இவரோட முதுகைத்தான் எனக்கு நல்லாத் தெரியும்." நடிப்பும் இங்கே கம்பள விளம்பரம், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்குரல் என்று தேய்ந்தது. நான்கு வருடமாக யாரும் கூப்பிடவில்லை. அதை அவர் சொல்லவில்லை. ஆனால் போன் அடித்தால், இடுப்பு உடைந்த மனிதர் எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு போவார்.

மூன்றாவது வாரம் செல்வராணி அக்காவிடமிருந்து எனக்குப் போன்.

"தம்பி, ஐயாவைக் காணேல்லை. வாக்கரையும் காணேல்லை."

கடற்கரை, நூலகம், டெய்ரி என்கிற மூலைக்கடை எல்லாம் தேடிவிட்டு நியூ லின் மாலில் கண்டுபிடித்தேன். மெத்தைக் கடைக்குள் மூன்று பாட்டிமார் சூழ நின்று, எலும்பு உடையாமல் விழுவது எப்படி என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். செயல்முறை விளக்கத்துக்கு மெத்தை மேல் சாயப் போனவரை நான் பாய்ந்து பிடித்தேன். பாட்டிமார் கைதட்டினார்கள், எனக்கும் சேர்த்து.

"ஏன் வந்தீங்க?" என்றேன் காரில்.

"புது இடுப்பு பஸ்ஸுல வேலை செய்யுதான்னு பார்க்க வேண்டாமா?"

குளிர் முடியும் தறுவாயில்தான் அந்தப் போன் வந்தது. நகரத்தில் ஒரு சிறிய அரங்கில் நாடகம் போடும் இளம் பெண் இயக்குநர் பேசினாள். அவளுக்கு வாத்து தெரியாது, தபால்காரரைத் தெரியாது, அவள் பிறப்பதற்கு முன்பே அதெல்லாம் முடிந்துவிட்டது. விளம்பரத்தில் முகத்தைப் பார்த்துப் பிடித்திருந்ததாம். கிழட்டுத் தகப்பன் வேடம். எண்பது நிமிட நாடகம். முதியோர் இல்லத்துக்கு அவரை அனுப்புவதற்காக மகள் வீட்டைக் காலி செய்தபடி பேசிக்கொண்டே இருப்பாள். அவர் கடைசியில் ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும். அதுவரை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

செய்தியைச் சொல்லிவிட்டு, முதல்முறையாக அவராகவே உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

"டம்பி, எனக்கு உட்காரக் கத்துக்கொடு" என்றார். சிரிக்கவில்லை. "வாத்து இல்லாம ஒரு வேஷம். இது ஒண்ணுதான் கேட்கிறேன்."

படித்த படிப்பையெல்லாம் தலைகீழாகப் போட்டேன். திண்டு கொடுத்தேன், மூச்சுப் பயிற்சி கொடுத்தேன், கடிகாரம் வைத்தேன். நாலு நிமிடம். நாலரை. ஒருநாள் ஏழு நிமிடம் வரை போனது. பிறகு பார்த்தால் தூங்கியிருந்தார். செல்வராணி அக்கா மடியில் ஒரு கட்டு முளைக்கீரையைக் கொடுத்து ஆயச் சொன்னார். கீரை ஆய்ந்து முடிந்தது, எழுந்துவிட்டார். உட்கார வைத்தால் முழங்கால் ஆடும், முழங்காலை அமுக்கினால் புருவம் ஆடும். ஒத்திகையில் மகளாக நடிப்பவள் இவருடைய கட்டைவிரலைப் பார்த்துச் சிரித்துவிட்டாளாம். இயக்குநர் வேறொரு வயதான நடிகரை ஒத்திகைக்கு வந்து பார்க்கச் சொல்லியிருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

மறுநாள் பகல் நல்ல மழை. நான் உள்ளே நுழையும்போதே பகிடி ஐயா, "வேண்டாம்னு சொல்லிடப் போறேன். அவங்களா அனுப்புறதுக்கு முன்னாடி நானே போயிடறது மரியாதை" என்று போனைத் தேடிக்கொண்டிருந்தார்.

செல்வராணி அக்கா துண்டு மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "நான் பதினொரு வயசிலை ஒரு பகல் முழுக்க அசையாமல் இருந்தனான்."

பகிடி ஐயாவுக்காக அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எதுக்கு? ஸ்கூல்ல தண்டனையா?" என்றபடி அவர் நாற்காலி விளிம்பில் ஒட்டினார்.

"இல்லை. பங்கருக்குள்ளை." அக்கா அடுத்த துண்டை எடுத்தார். பிறகு பாதி ஆங்கிலம், பாதி தமிழ், தமிழை மொழிபெயர்க்க நான். வீட்டுப் பின்பக்கம் குழி வெட்டி, மேலே பனைமரத் துண்டுகளை அடுக்கி, மண் போட்டு மூடியிருப்பார்கள். குண்டு போட வரும் பிளேன் சத்தம் கேட்டால் எல்லோரும் அதற்குள் ஓட வேண்டும். அன்றைக்கு ஓடியபோது சின்னத் தங்கை அக்காவின் மடியில் தூங்கிவிட்டாள்.

"பிளேன் சுத்திச் சுத்தி வந்துகொண்டே இருந்தது. நான் அசைஞ்சால் அவள் எழும்புவாள். எழும்பினால் அழுவாள். அவள் அழுதால் அம்மாவும் அழத் தொடங்கிடுவா. அதாலை இருந்தனான். கால் விறைச்சுப் போச்சு."

"எப்படி இருந்தே?" என்றார் பகிடி ஐயா.

"அவளின்ரை மூச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தனான். வேறை என்ன செய்யிறது?"

மழை கூரையில் அடித்தது. அக்கா குழியைப் பற்றியும், அங்கே வந்த மண் வாசனையைப் பற்றியும், அடுத்த வீட்டுக்காரர் உள்ளே கொண்டுவந்த ரேடியோவைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். துண்டு முடிந்து தலையணை உறைக்குப் போனார். தங்கை இப்போது டொராண்டோவில் இருக்கிறாளாம். "ஒரு நிமிசம் சும்மா இருக்கமாட்டாள், உங்களைப் போலத்தான்."

நான் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. விளிம்பில் ஒட்டியவர் ஒட்டியபடியே இருந்தார். முழங்கால் ஆடவில்லை, கட்டைவிரல் ஆடவில்லை. நான் மூச்சு விடவும் பயந்தேன்.

வெகு நேரம் கழித்து எழுந்து ஜன்னலருகே போனார். "இத்தனை நாளா நான் உட்காரப் பார்த்தேன், டம்பி. அக்கா உட்காரலை. கேட்டுக்கிட்டு இருந்திருக்கா."

போனை எடுத்து, ஒத்திகை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் காட்சிக்கு நானும் செல்வராணி அக்காவும் போனோம். அக்கா பட்டுச் சேலைக்கு மேல் பஞ்சடைத்த பஃபர் ஜாக்கெட் போட்டிருந்தார். இரண்டாவது வரிசை. விளக்கு வந்தது. நாற்காலியில் ஒரு கிழவர். மகள் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே பேசினாள், கத்தினாள், பழையதைக் கிளறினாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். ஆனால் அரங்கில் யாரும் மகளைப் பார்க்கவில்லை, அவள் சொல்வது அவர் முகத்தில் எங்கே போய் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் தாண்டியபோது அவருடைய இடது பாதம் செருப்புக்குள் வளைவதைக் கண்டேன். கெண்டைக்கால் பிடித்துவிட்டது. அந்த வலி எனக்குத் தெரியும், திடகாத்திரமான ஆட்களே கட்டிலிலிருந்து துள்ளி விழுவார்கள். அந்த அரங்கில் அது தெரிந்த ஒரே ஆள் நான். என் கை தானாக என் காலைப் பிசைந்தது.

"என்ன தம்பி?" என்றார் அக்கா காதருகே.

"கால் பிடிச்சிருச்சுக்கா. அவருக்கு."

அக்கா மேடையைப் பார்த்தார். "அசையார்" என்றார்.

அசையவில்லை. மகள் கடைசிப் பெட்டியை மூடி, களைத்துப்போய் அதன் மேலேயே உட்கார்ந்தாள். அவர் தலையை மட்டும் திருப்பினார்.

"நீ இன்னும் சாப்பிடலையே."

சிரிப்பு பொங்கி வந்தது. பாதியில் நின்றது. அந்த நின்றுபோன இடத்தில் எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எண்பது நிமிடம் உட்கார்ந்தவரை எழுப்ப இருபது நிமிடம் ஆனது. ஒப்பனை அறையில் தரையில் மண்டியிட்டு நான் காலைத் தேய்க்க, மேலே அவர், "மெதுவா, மெதுவா, அது நடிகனோட கால்" என்று அலறிக்கொண்டிருந்தார். வாசலில் இயக்குநர் அழுதபடி நின்றாள். செல்வராணி அக்கா ஒரு டப்பாவைத் திறந்து பகிடி ஐயா கையில் கறி வைத்துப் பொரித்த இரண்டு ரோல்ஸைத் திணித்தார். "நீங்களும் இன்னும் சாப்பிடேல்லைத்தானே."

நாடகம் மூன்று வாரம் ஓடியது. தெற்கே உள்ள ஊர்களிலும் போட வேண்டும் என்று கேட்டார்கள். பகிடி ஐயா பன்னிரண்டாவது வீடு மாறத் தயாராகி, யூனிட்டைக் காலி செய்தார். விடைபெறும்போது கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. வேன் கிளம்பிய பிறகு ஓடி ஏறுவது அவருக்குப் பிடிக்கும் என்பதால், டிரைவர் கொஞ்சம் உருட்டிக் காட்டினார். ஓடி ஏறினார். புது இடுப்பு நன்றாக வேலை செய்தது. அதில் எனக்குத் தொழில்ரீதியான பெருமை உண்டு.

இப்போது அந்த யூனிட்டில் ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். அந்தத் தெருவில் எனக்கு நோயாளி யாரும் இல்லை. ஆனாலும் நியூ லின்னிலிருந்து திரும்பும்போது, சுற்று வழி என்று தெரிந்தே அந்தப் பக்கம் காரைத் திருப்புகிறேன். வெட்கத்தை விட்டு இதைச் செல்வராணி அக்காவிடம் சொன்னேன்.

அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டே, "நானும் பஸ்ஸை விட்டிட்டு அந்தத் தெருவாலைதான் நடந்து போறனான், தம்பி" என்றார்.