ஹாலிஹாக் வெப்பநிலைப் பராமரிப்பு உபகுழு

குமணன்சாவடிக்கு அருகே, தொண்ணூற்றாறு வீடுகள் கொண்ட 'ஏரிக்காற்று என்க்ளேவ்' அடுக்ககத்தின் உரிமையாளர் சங்கச் செயலாளர் கிருபாகரன், ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பன்னிரண்டு ஹாலிஹாக் செடிகளின் உடல்நிலை குறித்து முதல் சுற்றறிக்கையை வெளியிட்டார்.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து காற்று வரும் என்று சொல்லித்தான் பில்டர் வீடுகளை விற்றார். காற்று இன்னும் வந்து சேரவில்லை. கொசு மட்டும் சொன்ன தேதிக்கு முன்பே குடியேறிவிட்டது.

கிருபாகரனுக்கு அம்பத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. அங்கே அவருக்கு மேலே பதினான்கு பேர். கீழே நாற்காலி மட்டும். ஆகவே தன் நிர்வாகத் திறமை முழுவதையும் அவர் சங்கத்துக்கென்று பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தார். ஜனவரியில் பெங்களூர் போனபோது, மேலாளர் வீட்டு வாசலில் ஆளுயரத்துக்கு ஹாலிஹாக் நின்றது. ஒற்றைத் தண்டு, அதில் கீழிருந்து மேல்வரை செம்பருத்தி மாதிரிப் பூக்கள். இந்தச் செடி இல்லாமல் நம் அடுக்ககம் இத்தனை வருஷம் எப்படித் தலைநிமிர்ந்து நின்றது என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மார்ச் கடைசியில் பெங்களூரிலிருந்து பன்னிரண்டு தொட்டிகள் வந்து இறங்கின.

ஒரே வாரத்தில் இலைகள் தொங்கின. கிருபாகரன் இணையத்தில் தேடினார். ஹாலிஹாக்குக்குப் பதினைந்திலிருந்து இருபது டிகிரி உகந்தது என்று இருந்தது. வெளியே முப்பத்தொன்பது. சாதாரண மனிதன் செடியை மாற்றியிருப்பான். இவர் செயலாளர்; வெப்பநிலையை மாற்றத் தீர்மானித்தார்.

"மேற்படி செடிகள், மறு உத்தரவு வரும்வரை, சங்கத்தின் விழாக் கூடத்தில் ஏசி மூலம் பதினெட்டு டிகிரியில் பராமரிக்கப்படும். ஹாலிஹாக் வெப்பநிலைப் பராமரிப்பு உபகுழு உறுப்பினர்கள் தவிர எவரும் உள்ளே பிரவேசிக்கலாகாது."

உபகுழுவுக்கு அப்போது ஒரே உறுப்பினர். தலைவரும் அவரே.

தோட்ட வேலை பார்க்கும் வேம்புலியம்மாள் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தாள். திரை போட்ட ஜன்னல்களைப் பார்த்தாள்.

"இன்னா சார், இதுக்கு வெயிலு வோணாமா?"

"வெயில்லதானேம்மா வாடுச்சு?"

"அது மார்கழில வெக்கிற செடி சார். பங்குனி வெயில்ல கொண்ணாந்து வெச்சா வாடாம இன்னா பண்ணும்? கொஞ்சம் வெளிச்சமாச்சும் குடு."

"சுற்றறிக்கையில வெளிச்சத்தைப் பத்தி ஒண்ணும் போடலையேம்மா."

"அப்ப செடிக்குப் படிக்கத் தெரியுமா சார்?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த தொட்டியை எடுக்கப் போனாள்.

அன்று மாலை அவர் மனைவி எழிலரசி அடுப்படியிலிருந்து கேட்டாள். "இந்த அடுப்பு முன்னாடி பத்து வருஷமா நிக்கிறேன். எனக்கு எத்தனை டிகிரி உகந்ததுன்னு என்னிக்காவது தேடிப் பார்த்தீங்களா?"

கிருபாகரன் நேர்மையானவர். உடனே தேடிப் பார்த்தார். பயனுள்ள தகவல் ஏதும் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை ஐந்தாம் மாடி எட்மண்ட் வந்தார். ஆவடி தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர். விதிமுறை என்றால் வெல்லம் மாதிரி.

"தம்பி, ஞாயித்துக்கெழம என் பொண்ணு ஃபெபிக்கு நிச்சயதார்த்தம். ஹாலை ரெண்டு மாசம் முன்னாடியே புக் பண்ணியிருக்கேன்."

"அங்கிள், உங்க சந்தோஷத்துல சங்கத்துக்கும் பங்கு உண்டு. ஆனா அறுபது பேர் உள்ள வந்தா வெப்பநிலை ஏறிடும். செடி தாங்காது."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தாங்குவாங்களா? மொட்டை மாடியில உக்கார வெக்கச் சொல்றியா?"

"நான் என்ன பண்றது அங்கிள்? உபகுழு உறுப்பினர்களுக்கு மட்டும்தான் அனுமதி."

எட்மண்ட் சுற்றறிக்கையை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். "உறுப்பினராக யார் வேணா சேரலாமா?"

"செடி மேல அக்கறை இருந்தா போதும்."

"இருக்கு தம்பி. எங்க சம்பந்தி வீட்டுல எல்லாருக்குமே இருக்கு."

சனிக்கிழமை மாலைக்குள் அறுபத்திரண்டு விண்ணப்பங்கள் வந்தன. நிராகரிக்க விதியில் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபெபியும் மாப்பிள்ளையும் பாதிரியார் முன்னிலையில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். மூவர் நெஞ்சிலும் 'உபகுழு உறுப்பினர்' அட்டை தொங்கியது. பிரியாணி வந்தபோது இருபத்தைந்து டிகிரி. தலைவர் என்ற முறையில் கிருபாகரனும் இரண்டு தட்டு சாப்பிட்டு நிலைமையை நேரில் கண்காணித்தார்.

விஷயம் மற்ற வீடுகளுக்குப் பரவியது. வீட்டு ஏசியின் கரண்ட் பில் அவரவர் தலையில். கூடத்து ஏசியின் பில் எல்லார் தலையிலும். இதைக் கண்டுபிடித்த மறுநாளே தொண்ணூற்றாறு வீடுகளுக்கும் ஹாலிஹாக் மேல் பொங்கிய பாசம் சொல்லி மாளாது. மடிக்கணினியோடு வந்தார்கள், பீன்ஸ் நறுக்க வந்தார்கள். தொட்டியைச் சுற்றிப் பாய் விரித்து, செடிக்குத் தொந்தரவு வராமல் மதியத் தூக்கம் போட்டார்கள். செடி ஏன் மஞ்சளாகிறது என்று மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டிகிரி இருபத்தெட்டைத் தொட்டது. கிருபாகரன் ஒன்பதாம் சுற்றறிக்கையை ஒட்டினார்: "உறுப்பினர்கள் அவசியமின்றி மூச்சை வேகமாக விடுவதைத் தவிர்க்கவும்." அதைப் படித்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். டிகிரி இன்னும் கொஞ்சம் ஏறியது.

மே முதல் வாரம் கடைசிச் செடியும் சாய்ந்தது.

அவசரப் பொதுக்குழு கூடியது. கூடத்திலேயே, செடிகள் நடுவில். கிருபாகரன் எழுந்தார். பேசத் தயாரித்த காகிதம் கையில் இருந்தது. பன்னிரண்டு காய்ந்த குச்சிகளைப் பார்த்ததும் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாவம், பெங்களூரிலேயே இருந்திருக்கலாம் என்று நினைத்தார். செடியைத்தான் நினைத்தார், தன்னையும் கொஞ்சம்.

"நம்மை விட்டுப் பிரிந்த செடிகளுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஏசி மெல்ல முனகியது. ஒரு நிமிடம் ஆயிற்று, ஒருவரும் திறக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் எட்மண்டின் குறட்டை கேட்டது. இருபதாவது நிமிடத்தில், அஞ்சலியை முடித்து வைக்கவேண்டிய கிருபாகரன் கனவில் பெங்களூரில் இருந்தார்.

கதவு திறந்தது. அனல் ஒரு கீற்று உள்ளே வந்தது. பின்னாலேயே வேம்புலியம்மாள், முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஒரு தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"செடிதான் பூட்ச்சே சார். ஏசிய நிறுத்திடட்டா?"

"வேண்டாம்!"

தொண்ணூற்றாறு வீடுகளும் ஒரே குரலில் அலறின. எல்லாருக்கும் அரை விநாடி முந்தி ஒலித்தது செயலாளர் குரல். சங்கத்தின் பதினொரு ஆண்டு வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் என்று அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் அவரே தன் கைப்பட எழுதி வைத்தார்.