சாமந்திக் கழனியில் நட்ட வேல்

கே.ஜி.கண்டிகை,
ஆவணி, 1976

பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி சிங்காரத்துக்கு, அக்கா கோவிந்தம்மாள் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. மலைமேல் இருப்பவன் தயவில் நானும் மகன் பஞ்சாட்சரமும் எருமை இரண்டும் சுகம். உன் சுகத்துக்கும் உன் சம்சாரம் காஞ்சனா சுகத்துக்கும் பதில் போடவும்.

நிற்க. நம் இரண்டு ஏக்கராவை விலைபேச ஒருத்தரை வெள்ளிக்கிழமை கூட்டி வருவதாக எழுதியிருந்தாய். கூட்டி வராதே. நிலம் விற்பனைக்கு இல்லை. "இந்தக் காலத்துப் பசங்க கையில கழனியைக் குடுத்தா உருப்படுமா?" என்று பொங்கலுக்கு வந்தபோது கேட்டாயே, அந்த வாயைக் கொஞ்சம் கழுவிக்கொள்.

நடந்ததைக் கேள். பஞ்சாட்சரமும், ஆர்.கே.பேட்டையில தறி ஓட்டுற அவன் சிநேகிதன் வீரபத்திரனும் கூட்டு சேர்ந்து, ஆடிக் கிருத்திகைக் காவடிக்குப் பூ வேணுமில்ல, துலுக்கச் சாமந்தி போடறோம்னு வந்து நின்னானுங்க. சும்மா விடுவேனா? கந்துவட்டிக்கு வாங்கக்கூடாது, பக்கத்துக் கழனி அம்சாவுக்குப் பாயற கிணத்துத் தண்ணியைத் தடுக்கக்கூடாது, பூப் பறிக்கிற பொம்பளைங்களுக்குக் கூலி அன்னிக்கே குடுக்கணும்னு கற்பூரத்தை அணைச்சி சத்தியம் பண்ண வெச்சிட்டுத்தான் ஏரைக் குடுத்தேன். முதல்ல நட்ட நாத்து கருகிப்போச்சு. மறுபடி நட்டானுங்க. மோட்டார் புகைஞ்சிது. ரெண்டு பேரும் குடத்துல சுமந்து ஊத்திக்கினே இருந்தானுங்க, வீரபத்திரன் வரப்புல வழுக்கி எருமை மேலயே போய் விழுந்தான். எப்படியோ கழனி பூரா பூத்துச்சு. உடனே திருட்டு! விடிஞ்சா ஒரு வரிசை மொட்டையா நிக்குது. நம்ம புத்திசாலிங்க என்ன பண்ணானுங்க தெரியுமா? மரத்துல ஒரு வேல் செஞ்சி, மஞ்சத்துணி சுத்தி, எலுமிச்சம்பழம் சொருகி, கழனி நடுவுல நட்டுட்டானுங்க. சாமி நிக்கிற கழனியில எவன் கை வெப்பான்? அப்புறம் ஒரு பூ போகல.

கிருத்திகைக்கு முந்தின நாள் ஆந்திரா பக்கமிருந்து காவடி எடுத்துக்கினு நடந்து வந்த சனம் ரோட்டுலருந்தே வேல் நிக்கிறதைப் பார்த்துடுச்சு. அரோகரான்னு ஒரே சத்தம்! கழனிக்குள்ள வந்து கற்பூரம் கொளுத்தி, காவடிக்குப் பூவும் இங்கயே வாங்கிக் கட்டிக்கினாங்க. மண்டிக்குப் போற வேலையே இல்லாம மொத்தமும் வித்துப்போச்சு. கூலி அன்னிக்கே குடுத்தாச்சு, அம்சா பயிரும் பச்சையா நிக்குது. என் புள்ள ஒரு புதுப்புடவையைக் கொண்டாந்து என் கையில வெச்சான்டா. அழுதுட்டேன். ஊர்ப் பசங்க எல்லாம் "அத்தே, எங்களையும் கூட்டு சேத்துக்கோங்க"ன்னு வாசல்ல வந்து நிக்கறானுங்க.

ஆகவே வெள்ளிக்கிழமை நீ மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகவும். காஞ்சனாவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும் உன் அக்கா,
கோவிந்தம்மாள்

பி.கு.: கடுதாசியை ஒட்டறதுக்கு முன்னே, அடுத்த போகத்துக்கு ஏர் பூட்டலாம்னு கழனி நடுவுல நிக்கிற வேலைப் பிடுங்கப் போனேன். ஊரே திரண்டு வந்து கத்துது. வேல் தானா முளைச்சுதாம்! அவனுங்க நட்டதை நான் இந்தக் கண்ணால பார்த்தேன்டா! ரெண்டே நாள்ல சுத்திக் கல்லு நட்டு, தகரக் கொட்டா போட்டு, உண்டியலும் வெச்சாச்சு. இனிமே அங்க ஏர் ஓடக்கூடாதாம். வீரபத்திரன் தறியை விட்டுட்டுப் பூசாரி ஆயிட்டான். தர்மகர்த்தா யாருங்கற? நம்ம பஞ்சாட்சரம்தான். வெள்ளிக்கிழமை நிலம் வாங்கறவரைக் கட்டாயம் கூட்டிக்கினு வா. கருப்புச் சட்டைக்காரரா பார்த்துக் கூட்டிக்கினு வா.