இரண்டாவது பிஸ்கட்டின் சட்டநிலை

டங். டங். ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி டங்.

காற்று ஓயாத எங்கள் ஃப்ரீஸ்லாந்து ஊரில் விழிப்பு வந்ததும் முதலில் கேட்பது அதுதான். அப்புறம்தான் திரையை விலக்கி, கால்வாய்க் கரையில் கம்பத்தில் தொங்கும் வெண்கல மணியைப் பார்ப்போம். நகராட்சி நிறுவிய 'அமைதிச் சின்னம்'. அமைதி எவ்வளவு அருமையானது என்பதைக் குடிமக்களுக்கு இடைவிடாமல் நினைவூட்டுவது அதன் நோக்கம். நோக்கம் நிறைவேறியது. பகலில் தூங்க வேண்டியவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே நிறைவேறியது.

ஒரு நாள் மணியைக் காணவில்லை. அறுபட்ட சங்கிலி மட்டும் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

நகராட்சி துரிதமாகச் செயல்பட்டது. குற்றவாளி தெரியவரும் வரை, சின்னத்துக்கு மிக அருகில் வசிப்பவரே பொறுப்பு என்று தீர்மானித்தது. மிக அருகில் இருந்தது, இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் டெட்ஸ்கேயின் படகு வீடு. குற்றவாளி கிடைக்காவிட்டால் அவளுடைய படகு கரையை விட்டுப் போக வேண்டும். பதினெட்டு வருடமாக அந்த இடத்தில் கட்டியிருந்த படகு.

பக்கத்துப் படகில் இருந்த ஹில்பிராண்ட் இதைக் கேள்விப்பட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பொய் சொல்லத் தெரியாதவர். மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, மணியை அறுத்தது தான்தான் என்று சொல்ல நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்.

அங்கேதான் கோளாறு.

எங்கள் பக்கத்தில் காப்பியோடு ஒரு பிஸ்கட் தருவோம். டப்பா திறக்கும், ஒன்று எடுப்போம், டப்பா மூடும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. சட்டம் வருவதற்கு முன்பே இருந்தது. ஆனால் காவலர் ரின்ஸே அப்போதுதான் 'கனிவான உரையாடல்' என்ற புதுப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தான். வெறுங்காலோடு நின்ற ஆலோசகர் ஒருவர், திறந்த டப்பா திறந்த மனத்துக்கு வழி என்று அங்கே போதித்திருந்தார். ரின்ஸே டப்பாவை மூடவில்லை.

வழக்கு நீதிபதி வான் ரேய்டன் அம்மையாரிடம் வந்தது. காவலரிடம் தந்த வாக்குமூலம் அடியோ மிரட்டலோ சலுகையோ இல்லாமல், சொந்த விருப்பத்தோடு தரப்பட்டதா என்று பார்ப்பது அவருடைய கடமை. கடமையில் அவர் மிகக் கறார்.

"உங்கள அடிச்சாங்களா?"

"ரின்ஸேவா? அவன் ஈ மேல இடிச்சாக்கூட மன்னிப்புக் கேப்பாம்மா."

"மிரட்டுனாங்களா?"

"இல்லம்மா."

"காப்பி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. தண்ணியா இருந்துச்சு."

"கூட பிஸ்கட்?"

"ஆமா."

"எத்தனை?"

ஹில்பிராண்ட் தொண்டையைச் செருமினார். "ரெண்டு."

மன்றம் முழுக்க முணுமுணுப்பு. "ரெண்டா!" என்றார் பின்வரிசையில் ஒரு பெரியவர், நாற்பது வருடமாகத் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்கிற குரலில்.

"நாந்தான் மணிய அறுத்தேன்னு எப்ப சொன்னீங்க? எந்த பிஸ்கட்டுக்கு அப்புறம்?"

"சொல்லணும்னுதாம்மா போனதே! வாய்ல பிஸ்கட் இருந்துச்சு, முழுங்கிட்டுச் சொன்னேன்."

"எந்த பிஸ்கட்ட?"

"...ரெண்டாவத."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். ஹில்பிராண்ட் பதறினார்.

"அம்மா, இப்ப இங்கயே சொல்றேன். நாந்தான்! என் ரம்பம்தான்!"

"நீங்கள் இன்னும் அந்தச் சலுகையின் தாக்கத்திலேயே இருக்கிறீர்கள். அது தீர எவ்வளவு காலமாகும் என்று ஒரு நிபுணர்தான் சொல்ல முடியும்."

"மணிய எங்க போட்டேன்னும் சொன்னேனே! பாலத்துக்கு அடியிலருந்து எடுத்து வந்துட்டாங்களே! இதோ, உங்க முன்னாடியே இருக்கே!"

இருந்தது. மேசை மேல், பாசி படிந்து, பூசணிக்காய் அளவில். ஆனால் அந்த இடத்தைக் காட்டியது வாக்குமூலம். வாக்குமூலத்தைக் கொண்டுவந்தது பிஸ்கட். எனவே சட்டத்தின் பார்வையில் மணி அங்கே இல்லை. எழுத்தர் நகரும்போது அவர் முழங்கை அதில் பட்டது. டங்.

"யாருக்கும் எதுவும் கேட்கவில்லை" என்றார் நீதிபதி.

கேட்கவில்லை என்று எழுத்தர் பதிவு செய்தார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. இரண்டாவது பிஸ்கட் வெறும் அன்பாகவும் இருக்கலாம் அல்லவா? நீதிபதி நியாயமான மனுஷி. ஊர் வழக்கத்தை ஊராரிடமே கேட்டுவிட முடிவு செய்தார்.

"இங்கே யாராவது, எதையும் எதிர்பார்க்காமல் ஒருவருக்கு இரண்டாவது பிஸ்கட் கொடுத்தது உண்டா?"

எல்லோரும் தங்கள் டப்பாக்களை நினைத்துப் பார்த்தோம். கூரையை, தரையை, பொத்தானைப் பார்த்தோம். ஒரே ஒரு 'ஆமாம்' போதும், டெட்ஸ்கேயின் படகு தப்பித்துவிடும். அது எல்லோருக்கும் தெரியும்.

"நீங்க சொல்லுங்க" என்று டெட்ஸ்கேயிடமே கேட்டார் நீதிபதி.

டெட்ஸ்கே எழுந்தாள். ஹில்பிராண்ட் கண்ணால் கெஞ்சினார்.

"ஒரு தடவ குடுத்தேம்மா" என்றாள். "ஹில்பிராண்டுக்குத்தான்."

"எதையும் எதிர்பார்க்காமல்?"

"படகுல ஒழுகுச்சு. அடைச்சுத் தருவாருன்னு."

அதற்குப் பிறகு எங்களுக்கும் துணிச்சல் வந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து உண்மையைச் சொன்னோம். ஏணி கடன் வாங்க. மகளுக்கு வரன் விசாரிக்க. பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல. பின்வரிசைப் பெரியவர் மட்டும் தான் யாருக்கும் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை என்று பெருமையோடு சொன்னார்.

நீதிபதியின் முகம் மலர்ந்தது. "என் பணிக்காலத்தில் இவ்வளவு தூய்மையான, தண்ணீர்கூடத் தராமல் கிடைத்த வாக்குமூலங்களை நான் கேட்டதில்லை. முழுக்க முழுக்கச் சொந்த விருப்பத்தோடு தரப்பட்டவை. அவற்றின் அடிப்படையிலேயே தீர்ப்பளிக்கிறேன்."

ஹில்பிராண்ட் நிரபராதி. குற்றவாளி தெரியவரவில்லை. படகு மாதக் கடைசிக்குள் போக வேண்டும்.

வெளியே வந்ததும் ஹில்பிராண்டால் டெட்ஸ்கேயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு குற்றத்தக்கூட உருப்படியா செய்ய வரல உனக்கு" என்றாள் அவள்.

"செஞ்சேனே. ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க."

நாங்கள் கூட்டமாகக் கரை வரை கூடவே நடந்தோம், ஆறுதல் சொல்லிக்கொண்டே. படகின் அருகே அவள் திரும்பினாள்.

"வேற படகுத்துறையில எடம் தேடணும், படகை இழுத்துட்டுப் போகணும். யாராச்சும் கூட வர்றீங்களா? யாரும் வற்புறுத்தல."

அவரவருக்கு வேலை நினைவுக்கு வந்தது. கூட்டம் கலைந்தது.

காலையில் மன்றத்துக்குப் புறப்படும் அவசரத்தில் பாதியில் விட்டுப்போன ஈரத்துணிக் கூடை மேல்தளத்தில் அப்படியே இருந்தது. டெட்ஸ்கே ஒரு விரிப்பை உதறினாள். மறுமுனை காற்றில் பறந்தது. போகாமல் நின்ற ஹில்பிராண்ட் அதைப் பிடித்து, கொடியில் போட்டு, கிளிப்பைக் குத்தினார்.