ஸ்கோர் என்றால் இருபது

உலகத்திலேயே ஐம்பது ரன்னை மதிக்காத ஒரே கிரிக்கெட் வர்ணனையாளர் எங்கள் அரும்பாவூர் இருபதண்ணன்தான். படிப்பு பி.ஏ. இங்கிலீஷ், பிழைப்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. டோர்னமென்ட் வந்தால் மைக் அவர் கையில். எவனாவது ஐம்பது அடித்தால், "ம், அடிச்சான்" என்று முடித்துவிடுவார். டீம் இருபதைத் தொட்டால் போதும், சரவெடி கொளுத்தச் சொல்வார்.

ஏன் என்று கேட்டால் தொலைந்தோம். பவுலரை நிறுத்திவைத்து விளக்குவார்.

"ஸ்கோர்னா வெட்டுங்க. அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரன் ஆடு எண்ணும்போது இருபது ஆட்டுக்கு ஒருதடவ குச்சியில வெட்டு போடுவான். அந்த வெட்டுக்குப் பேரு ஸ்கோர். அப்புறம் இருபதுக்கே அந்தப் பேரு வந்துடுச்சு. மேட்ச்ல போடுற ஸ்கோரெல்லாம் அதுக்கும் அப்புறம்."

"அண்ணே, பால் போடட்டுமா?" என்று கெஞ்சுவான் பவுலர்.

"இருப்பா, ஆடு இன்னும் பட்டிக்குப் போவல."

நோட்டில் ரன் எழுதுவது நான். அவருக்கு நோட்டில் நம்பிக்கை கிடையாது. பேசிக்கொண்டே ஒரு வேப்பங்குச்சியில் ரன்னுக்குச் சின்ன வெட்டு, இருபதுக்குப் பெரிய வெட்டு போடுவார்.

போன வருஷம் பாடாலூரோடு ஃபைனல். நாங்கள் 63. அவர்கள் ஆடி முடித்தபோது என் நோட்டில் 62. எங்கள் பசங்க கப்பைத் தூக்கவும் மைக்கில் அவர் குரல்.

"கப்பக் கீழ வைங்க. மூணு பெரிய வெட்டு, அதுக்கப்புறம் மூணு சின்ன வெட்டு. அறுவத்திமூணு. மேட்ச் டை. சூப்பர் ஓவர் ஆடணும்."

"ஏண்ணே, நீங்க நம்மூருதானா?" என்றான் எங்கள் கேப்டன். "ஆடு மேய்க்கணும்னா அந்தப் பக்கம் போங்க."

கிரவுண்டே சிரித்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஏழாவது ஓவர்ல பேட்டுல படாமயே ஒரு பை ரன் ஓடுனானுங்க. நோட்டுல பாரு."

பார்க்கவே தேவையில்லை. அந்தப் பந்தின்போது நான் இன்ஸ்டாவில் இருந்தேன். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவன், எழுதவேயில்லை. எங்கள் டீம் மொத்தமும் என்னை முறைத்தது.

"நோட்டுல இருக்கறதுதாண்ணே சரி" என்றேன்.

மைக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார். இந்த வருஷம் கூப்பிட்டதற்கு, "எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குடா மைக்கு?" என்றாராம்.

போன வாரம் சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கடையில் வேறு யாருமில்லை. வாய் தானாக உளறியது.

"அண்ணே, அன்னிக்கு நான் போனப் பாத்துட்டு இருந்துட்டேன்..."

"பாத்தேனே." மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த ரன்ன மைக்ல ரெண்டு தடவ சொன்னேன். உனக்காகத்தான்."

"அப்ப அங்கயே போட்டுக் குடுத்திருக்கலாமேண்ணே?"

"குடுத்திருந்தா பாடாலூர்க்காரனும் அடிச்சிருப்பான், நம்மூர்க்காரனும் அடிச்சிருப்பான். தாங்குற உடம்பாடா இது?"

அவரிடம் சொல்லியாகிவிட்டது. ஊரிடம் இன்னும் சொல்லவில்லை. அரும்பாவூர்க்காரர்களே, அந்த மேட்ச் டை. எங்கள் அண்ணன் சரியாகத்தான் எண்ணினார்.